தூளியில் ஆடிய குழவிக்கல்

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த ரயில்வே லயத்தில் எதுவும் தனியாக அசையாது. ஒரு வீட்டில் மிளகாய் இடித்தால் அடுத்த வீட்டு அலமாரியில் பித்தளைச் செம்புகள் கிணுகிணுக்கும். ஒருத்தி கோபத்தில் கதவை அறைந்து சாத்தினால், கடைசி வீட்டுக்காரி இருந்த இடத்திலிருந்தே, "யாருடி அது, புருஷன்கூடச் சண்டையா?" என்று விசாரிப்பாள். பக்கத்து யார்டில் எஞ்சின் வந்து சரக்குப் பெட்டிகளை இடித்துச் சேர்க்கும்போது, குடத்துத் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கி அடங்கும். அந்த இடி தண்டவாளத்தில் இறங்கி, மண்ணுக்குள் போய், எங்கள் வீட்டுக் கால்களில் ஏறி, குடத்துக்குள் வந்து சேர்கிறது என்பதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பால் குடிக்கிற பிள்ளைகூட அதற்குத் திரும்பிப் பார்க்காது.

ஆனால் எஞ்சின் கண்ணுக்குத் தெரிகிறது. உலக்கை கண்ணுக்குத் தெரிகிறது. தள்ளியது யார் என்று தெரியாமல் ஒரு பொருள் அசைந்துவிட்டால் போதும், எங்கள் லயத்து மகா அறிவாளிகளுக்கு உடனே ஒரு பூசாரி வேண்டும், பழி போட ஒரு பெண்பிள்ளையும் வேண்டும். இந்த இரண்டும் தேடித் தவிக்கிற அளவுக்குக் கிடைக்காத பொருள்கள் இல்லை.

இது உலகமே அடித்துக்கொண்ட பெரிய சண்டை முடிந்து சில வருஷங்களுக்குப் பிறகு நடந்தது. என் தலைச்சன் பிள்ளை அப்போது தூளியில் கிடந்தான். என் புருஷனுக்கு யார்டில் சக்கரம் தட்டிப் பார்க்கிற வேலை. நீளமான சுத்தியலை எடுத்துக்கொண்டு நின்ற வண்டியின் நெடுக நடந்து, ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு தட்டு தட்டுவார். நல்ல சக்கரம் மணிபோல ரீங்காரம் போடும். விரிசல் விட்டதென்றால் சத்தம் செத்துப்போய் வரும். இரும்புக்குள் ஓடுகிற அதிர்வைக் காதால் பிடித்துச் சம்பளம் வாங்குகிற மனிதர். அவர் வீட்டுக்குள் வந்ததும் அந்தக் காதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார் என்று நினைக்கிறேன். என் மாமியார் சொல்வதைத் தவிர வேறொன்றும் அதில் விழாது.

லயம் என்பது ஒரே நீளக் கொட்டகை. பலகை அடைத்து அடைத்து வீடுகளாகப் பிரித்திருந்தார்கள். பலகை கூரைவரை போகாது. மேலே ஒரே உத்தரம் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஓடியது. கட்டினவன் எந்த மரத்தை மலிவாக வாங்கினானோ, கறையான் அரித்து, நுனியில் ஆட்டம் கண்டு, கையால் தட்டினாலே அசைகிற உத்தரம். அதில்தான் எங்கள் பிள்ளைகள் தொங்கின.

பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குடிவந்தாள். என்னைவிடச் சின்னவள், கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். தாயில்லை. யார்டில் மூட்டை தூக்குகிற ஒருவனைத் தானே விரும்பிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவன் வேறு சாதி. அப்பன், "இனி இந்த வாசல்ல கால வெச்சே, வெட்டுவேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தான். எங்கள் லயத்துப் பெண்கள் அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து, குழாயடியில் அவள் குடத்தைக் கடைசிக்குத் தள்ளினார்கள். இவர்களெல்லாம் என்ன பெரிய அரண்மனையிலிருந்து கப்பலேறி வந்தவர்களா? கங்காணி பேச்சைக் கேட்டு, மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியவர்கள்தான். ஆனாலும் தங்களுக்குக் கீழே ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்றால் அவர்கள் முகத்தில் வருகிற களை இருக்கிறதே, அதைப் பார்க்க எனக்குக் குமட்டும்.

அவளுக்குப் பெண்குழந்தை பிறந்ததும் தூளி கட்டிக்கொடுக்க ஆளில்லை. நான்தான் போய்க் கட்டினேன். எங்கள் வீட்டுத் தூளியைக் கட்டிய அதே கயிற்றின் மிச்சம், அதேபோலப் பழஞ்சேலை, அதே என் இடுப்பு உயரம். இரண்டும் பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், ஒரே உத்தரத்தில், கையெட்டும் தூரத்தில் தொங்கின.

ஒரு வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வெறும் தூளி ஆடக்கூடாது, ஆடினால் பிள்ளைக்கு வயிற்றுவலி வரும் என்பது எங்கள் பெண்களின் நம்பிக்கை. அதனால் பிள்ளையைத் தூக்கியதும், தூளி வெறுமையாக இருக்கக்கூடாது என்று அம்மிக் குழவியைக் கழுவித் துடைத்து உள்ளே போட்டுவிடுவோம். பிள்ளைக்கு முதன்முதலாகத் தூளி போடும்போது குழவியைத்தானே முதலில் கிடத்தி ஆட்டுகிறோம், அதையே என் மாமியார் தினசரிச் சட்டமாக ஆக்கிவிட்டார். பிள்ளையைக் குளிப்பாட்ட எடுத்தால் கல் உள்ளே. பிள்ளை மடியில் பால் குடித்தால் கல் உள்ளே. அரைக்க வேண்டுமென்றால் பிள்ளையைப் போட்டுவிட்டுக் கல்லை எடுக்க வேண்டும்.

ஒரு காலை நான் பின்பக்கம் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். எண்ணெய் கண்ணில் பட்டுவிட்டது, வீறிட்டுக் கத்தினான். உள்ளேயிருந்து மாமியார் அவனைவிடப் பெரிதாகக் கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தால், தூளி தானாக ஆடிக்கொண்டிருக்கிறது. லேசாக அல்ல, ஆள் நின்று ஆட்டுகிற மாதிரி, கல்லோடு சேர்ந்து போய்ப் போய் வருகிறது. பக்கத்தில் ஈ காக்கை இல்லை.

"யாரோ ஆட்டுறாடி! கல்லப் புள்ளன்னு நெனச்சு ஆட்டுறா!" என்று மாமியார் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

முதல் நாள் நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன், அதை மறைப்பானேன். ஆனால் மறுநாளும் ஆடியது, அதற்கு மறுநாளும் ஆடியது. எப்போதும் இல்லை. பிள்ளை தூளிக்கு வெளியே இருந்து அழுகிற நேரமாகப் பார்த்து ஆடியது. அவன் அழுதால் கல் ஆடும், அவன் அடங்கினால் கல்லும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். இதைக் கண்டுபிடித்தவர் என் மாமியார்தான். அது ஒன்றுதான் அவர் ஒழுங்காகக் கண்டுபிடித்தது. அதற்குமேல் அவர் சொன்னதெல்லாம் கண் காது மூக்கு வைத்த கதை. பக்கத்து வீட்டுக்காரி எதையோ ஏவிவிட்டிருக்கிறாள், தனக்குப் பெண், எங்களுக்கு ஆண் என்று பொறாமை, பிள்ளையை அழவைத்துவிட்டு அவன் இடத்தில் கல்லைக் கிடத்தப் பார்க்கிறாள். பொழுது சாய்வதற்குள் இந்தக் கதை லயத்தின் இரண்டு கோடிக்கும் போய்ச் சேர்ந்தது. மிளகாய் இடிக்கிற சத்தம்கூட அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை.

என் புருஷன் வேலை முடிந்து வந்து, ஆடுகிற கல்லைப் பார்த்தார். சுத்தியல் கையில் இருந்தது. "என்னங்க, உத்தரத்தக் கொஞ்சம் தட்டிப் பாருங்களேன், எங்கேருந்து வருதுன்னு" என்றேன்.

"அம்மா சொல்றாங்கல்ல, நீ சும்மா இரு" என்றார். சுத்தியலை மூலையில் சாத்திவிட்டுத் திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டார். இரும்பின் பேச்செல்லாம் புரிகிற மனிதருக்கு மரத்தைக் கேட்கப் பயம்.

பங்சார் தோட்டத்துப் பக்கமிருந்து ஒரு பூசாரி வரவழைக்கப்பட்டார். வந்ததும் தூளியைத் தொடாமல் தூரமாக நின்று மூக்கை உறிஞ்சினார். எலுமிச்சம்பழம் கட்டினார், வேப்பிலை செருகினார், சேவல் ஒன்று கேட்டார். கல் அதையெல்லாம் சட்டை செய்யாமல் ஆடியது. "சாமானியமானது இல்ல, கொஞ்சம் நாளெடுக்கும்" என்றார் பூசாரி. சேவலைத் தூக்கிக்கொண்டு போனதற்கு மட்டும் நாளெடுக்கவில்லை.

படித்தவர் சும்மா இருப்பாரா? எங்களுக்கு வீடு ஒதுக்குகிற ரயில்வே ஆபீஸ் கிராணி, வெள்ளைக் கோட்டும் காலில் பாலிஷ் போட்ட சப்பாத்துமாக வந்து பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது பேயும் இல்ல, பிசாசும் இல்ல. மேக்னட்டிசம். யார்டுல இவ்வளவு இரும்பு ஓடுது பாருங்க, அது இழுக்குது" என்றார்.

"கல்ல எந்தக் காந்தமய்யா இழுக்கும்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பொம்பளைங்களுக்குச் சொன்னா வெளங்காது" என்று போய்விட்டார். பூசாரியாவது சேவலோடு போனார், இவர் மரியாதையோடும் போனார். இரண்டு பேரில் ஒருவர்கூட நிமிர்ந்து அந்த உத்தரத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு அது அடுப்படியில் விளங்கியது. அடுப்புக்கு மேலே குறுக்கே கட்டிய கயிற்றில் இரண்டு உறி தொங்கும். ஒன்றில் மோர்ச்சட்டி, ஒன்றில் மீன் குழம்பு. மோரை எடுக்கப் போன கை பட்டு அந்த உறி ஆடிவிட்டது. அதை நிறுத்தலாம் என்று கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினால், மோர் உறி தானே நின்றுகொண்டிருந்தது. தொடாத குழம்பு உறி ஆடிக்கொண்டிருந்தது. அடுப்பில் இருந்ததை மறந்து நின்று பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் குழம்பு உறி அடங்கியது, மோர் உறி மறுபடி புறப்பட்டது. ஒன்றின் ஆட்டம் கயிற்றின் வழியாக மற்றொன்றுக்குப் போகிறது, பிறகு திரும்பி வருகிறது. ஆட்டம் எங்கேயும் தொலைவதில்லை, வீடு மாறிக்கொள்கிறது. குழம்பு உறியை ஒரு முடிச்சுப் போட்டு உயர்த்திக் கட்டிவிட்டு மோர் உறியைத் தள்ளினேன். குழம்பு உறி சும்மா சிணுங்கியதோடு சரி. இரண்டும் ஒரே நீளமாக இருந்தால்தான் ஒன்று தள்ளுகிற நேரமும் மற்றது போகிற நேரமும் ஒத்துப்போகும். ஊஞ்சலில் இருக்கிற பிள்ளையை அது திரும்பும் சமயம் பார்த்துச் சுண்டுவிரலால் தள்ளினாலும் உயரப் போகிறதல்லவா, அவ்வளவுதான் சங்கதி. நேரம் தவறித் தள்ளினால் எவ்வளவு பலம் இருந்தும் பிரயோசனமில்லை. சாதம் அடிப்பிடித்துப் போயிற்று, அன்று அதற்கு நான் வாங்கிய வசவு எனக்கு உறைக்கவேயில்லை.

இதற்குள் காரியம் முற்றிவிட்டது. அந்தப் பெண்ணை லயத்திலிருந்து வெளியேற்ற வேண்டும் என்று எல்லாரும் சேர்ந்து கிராணியிடம் போய்விட்டார்கள். வெளியேற்றினால் அவள் புருஷனுக்குத் தனியாள்களின் கொட்டகையில் இடம் உண்டு, அங்கே பெண்டாட்டி பிள்ளைக்கு இடமில்லை. அவளுக்குக் கேரி தீவுதான், வெட்டுவேன் என்ற அப்பன் வாசல்தான். அதனால்தான் நான் ஊரைக் கூட்டினேன். கண்ணால் பார்த்தால் புரிந்துகொள்வார்கள் என்று நம்பினேன். மனிதர்களுக்குக் கண் எதற்கு இருக்கிறது என்று அப்போது எனக்கு இருந்த எண்ணம் வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், கிராணி, பூசாரி, மாமியார், லயத்துப் பெண்கள் எல்லாரும் எங்கள் வீட்டிலும் வாசலிலும் நின்றார்கள். தூளியில் கல்லைக் கிடத்தினேன். பலகையைத் தட்டி, "இப்ப உன் தூளிய ஆட்டும்மா" என்றேன். அந்தப் பக்கம் கயிறு கிறீச்சிட்டது. எங்கள் கல் மெல்ல அசைந்து, பிறகு நன்றாக ஆடியது. "நிறுத்து" என்றேன். நின்றதும் அடங்கியது. பிறகு எங்கள் தூளியை ஒரு முழம் உயர்த்திக் கட்டினேன். "இப்ப ஆட்டு." அவள் எவ்வளவு ஆட்டியும் கல் இருந்த இடத்திலேயே நின்றது.

"பாத்தீங்களா? ஒரே மரம், ஒரே அளவு கயிறு. அவ ஆட்டுறது மரத்து வழியா இங்க வருது. அளவ மாத்துனா வரல. இதுல பேயும் இல்ல, ஏவலும் இல்ல" என்றேன். குரலில் கொஞ்சம் கர்வம்கூட இருந்திருக்கும்.

மாமியார் முன்னால் வந்தார். "அப்ப, அவ ஆட்டுனாத்தான் இது ஆடுது?"

"ஆமா அத்தை, அதத்தான் சொல்றேன்."

"அதத்தானேடி நாங்களும் சொல்றோம்!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார்.

பூசாரி தலையை ஆட்டிக்கொண்டு, "முடிச்சுப் போட்டதும் கட்டுப்பட்டுப் போச்சு கவனிச்சீங்களா? போன வாரம் நான் போட்ட கட்டு இப்பத்தான் வேலை செய்யுது" என்றார். கிராணி, காந்தத்தைப் பற்றித் தான் சொன்னதும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றார். கூட்டம் திருப்தியாகக் கலைந்தது. என் புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குழவியை எடுத்து யார் தலையிலாவது போடலாமா என்றிருந்தது. நான் காட்டியதுதான் அவளைக் காட்டிக்கொடுத்தது என்று பிறகு சிலர் சொன்னார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் மரத்தைக் காட்டினேன். பார்த்தவர்கள் அவளைத்தான் பார்த்தார்கள்.

கிராணி உத்தரவு கொடுத்துவிட்டார். இடைப்பட்ட நாட்களில் எங்கள் தூளி உயர்த்திக் கட்டியபடியே கிடந்தது, கட்டை அவிழ்க்கக் கூடாதென்று பூசாரியின் கட்டளை. என் பிள்ளை அந்த நாட்களில் சரியாகத் தூங்கவில்லை. நடுவில் விழித்து விழித்து அழுதான். பல் முளைக்கிறது என்று நினைத்தேன்.

அவள் புறப்பட்ட அன்று காலை, ஸ்டேஷன்வரை நான் கூடப் போனேன். மாமியார் போகக்கூடாது என்றார், அதனாலேயே போனேன். கிள்ளான்வரை ரயில், அப்புறம் தீவுக்குச் சம்பான் படகு. அவள் புருஷன் தகரப்பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தான். பிள்ளையை நான் வாங்கிக்கொண்டேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அந்தப் பாழாப்போன கல்லு ஏன் அவன் அழறப்பவே ஆடிச்சுன்னு மட்டும் எனக்கு இன்னும் புரியல" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. நான்தான் ஆட்டுவேன்."

"என்னது?"

"எங்க தூளிக் கயித்தப் புடிச்சிருந்தா, உங்க புள்ள அந்தப் பக்கம் ஆடுறது கைக்குத் தெரியும்க்கா. லேசா இழுக்கும். ஒரு நாள் அவன் அழுதான், உங்க கையில வேலபோல. நான் எங்க தூளியக் கொஞ்சம் வேகமா ஆட்டுனேன். அவன் நிறுத்திட்டான். அதுலேருந்து அவன் அழுற சத்தம் கேட்டா ஆட்டுவேன். எம்புள்ள பாயில தூங்கிட்டா எங்க குழவிக்கல்லத் தூளியில போட்டு ஆட்டுவேன். அவன் தூளியிலதான் இருக்கான்னு நெனச்சேன். வெளிய எடுத்திருப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும், நடுவுல பலகை இருக்கே."

கையிலிருந்த அவள் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

"அன்னிக்கே சொல்லியிருப்பேன்க்கா. சொன்னா, ஒத்துக்கிட்டான்னுதானே சொல்லுவாங்க? நீங்க தூளிய ஒசத்துனதிலேருந்து என் கையில ஒண்ணும் தெரியல. அவன் அழுதுக்கிட்டே இருந்தான். எவ்வளவு ஆட்டியும் போய்ச் சேரல."

வண்டி ஊதியது. பிள்ளையை வாங்கிக்கொண்டு ஏறினாள். சக்கரம் புரண்டு நடைமேடை அதிர்ந்தது. அந்த அதிர்வு வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் என் காலில் இருந்தது. நான் அழுதேன். நடைமேடையில் யார் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது லயம் திருவிழாக் கோலத்தில் இருந்தது. பூசாரி வந்து, இனி பயமில்லை, கட்டை அவிழ்க்கலாம் என்று சொல்லியிருந்தார். மாமியார் தூளியைப் பழைய உயரத்துக்கே இறக்கிக் கல்லைக் கிடத்தி, எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். கல் அசையவில்லை. "போயே போச்சு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இன்னொரு சேவலும் போயிற்று. என் புருஷன்கூட நிம்மதியாகச் சிரித்தார்.

மத்தியானம் பிள்ளையைத் தூளியில் போட்டேன். ஆட்டித் தூங்கவைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். உலை கொதிப்பதற்குள் விழித்துக்கொண்டு அழத் தொடங்கினான். நான் போகவில்லை. மாமியார் வந்து பார்த்தார், முதுகில் தட்டினார், தூளிச் சேலையை மூடினார், திறந்தார். அவன் கத்திக்கொண்டே இருந்தான். தூளி சும்மா தொங்கியது. பலகைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"ஏன்டி இப்படி அழுவுறான்? முன்னெல்லாம் முழிச்சாலும் தானாவே தூங்கிடுவானே?" என்று மாமியார் அலுத்துக்கொண்டார்.

"தானா எங்க தூங்கினான்? தூங்கவெச்சவளத்தான் இன்னிக்குக் காலையில ரயில் ஏத்திட்டீங்களே அத்தை" என்றேன். "கயித்தப் புடிங்க. இனி நீங்கதான் ஆட்டணும்."